எங்க ஆயாவோட வாழ்க்கையைத் தேடறேன்: புளியந்தோப்பு, வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டை ஆளுங்க கொஞ்சம் உதவுங்க

புளியந்தோப்பான்

எல்லாருக்கும் வணக்கம். ஆயான்னா எங்க நைனாவைப் பெத்தவங்க. 1994-ல தவறிட்டாங்க. அவங்களைப் பத்தி எழுதலாம்னு உட்கார்ந்தா அரைப் பக்கம் தாண்ட மாட்டேங்குது. தாத்தாவைப் பத்திக் கேட்டா ஆளாளுக்குக் கதை வெச்சிருக்காங்க. பின்னி மில்லுல தறி ஓட்டினாரு, யூனியனுக்குச் சந்தா வசூல் பண்ணாரு, காக்கித் துணியைத் தொட்டே நூல் நம்பர் சொல்வாரு. ஆயாவைப் பத்திக் கேட்டா "நல்லா சமைப்பாங்கடா"ன்னு முடிச்சிடறாங்க. தாத்தா 1945 வாக்குலயே போயிட்டாரு. அதுக்கப்புறம் மூணு புள்ளைங்களை வளர்த்து ஆளாக்கினது யாரு?

கையில இருக்கறதைச் சொல்லிடறேன். "எம்டன் குண்டு போட்டப்ப நான் கைக்கொழந்த"ன்னு ஆயா அடிக்கடி சொல்வாங்க. வீட்ல ஒரு பித்தளை சொம்பு இருக்கு. கழுத்துக்குக் கீழ உளியால புள்ளி புள்ளியா வெட்டின எழுத்து: "கா. மு", அப்புறம் மீதிப் பேரு, அப்புறம் "ஸ்ரீமுக ௵ ஆவணி ௴". (பேரை இங்க முழுசா போடல, பெரியத்தை கிட்ட இன்னும் கேக்கல.) இன்னொண்ணு பெரிய அண்டா. அதுல அதே பேரு, ஆனா முன்னெழுத்து கிடையாது, கீழ 1951-ன்னு மட்டும் இருக்கு. ரேஷன் கார்டுல பேரே வேற, 'ல'வுல ஆரம்பிக்குது.

கடைசியா, வீட்ல எல்லாரும் பெருமையா சொல்ற சங்கதி. ஆயா 1938 ஹிந்தி எதிர்ப்புல கைதாகி வேலூர் ஜெயிலுக்குப் போனவங்களாம். இதுக்கு ஆதாரம் கிடைச்சா போதும், மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எங்க தேடறது?

கல்மண்டபம்

முதல்ல எங்க தேடக் கூடாதுன்னு சொல்லிடறேன், நேரம் மிச்சம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புல பாட்டி பேரு கிடைக்குமான்னு எல்லாரும் கேப்பாங்க. கிடைக்காது. வீடு வீடா எழுதின தாளை நம்ம நாட்டுல வெளிய விட மாட்டாங்க, 1948 சட்டமே அதை ரகசியம்னு சொல்லுது. மொத்தக் கூட்டல் கழித்தல்தான் புத்தகமா வரும்.

1952-க்கு முன்னாடி வாக்காளர் பட்டியலும் வேணாம். சென்னை மாகாணத்துல 1921-லயே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்துடுச்சுன்னு பெருமையா சொல்வோம். நிஜம்தான், ஆனா சொத்து, வரி தகுதி இருக்கறவங்களுக்கு மட்டும். புளியந்தோப்பு குடிசைல இருந்த பொம்பளைக்கு 1952 பொதுத்தேர்தல்தான் முதல் ஓட்டு. அதுலயும் இன்னாரோட மனைவின்னுதான் இருக்கும்.

மாநகராட்சி பிறப்புப் பதிவு பழசு இருக்கு. ஆனா குழந்தை பேரை எதிர்பார்க்காதீங்க. பேர் வைக்கறதுக்கு முன்னாடியே பதிஞ்சதால ஆண், பெண், தகப்பன் பேரு, தெரு, அவ்ளோதான் இருக்கும். தகப்பன் பேர் 'கா'ன்னு தெரிஞ்சா 1914-ஐ ஒட்டித் தேடலாம்.

எங்க குடும்பம் ராயபுரம் கிறிஸ்தவங்க. எங்களுக்குக் கோயில் ஞானஸ்நானப் புத்தகம் கை கொடுத்துச்சு. குழந்தை பேரு, அப்பா பேரு, அம்மா பேரு, ஞானத்தாய், ஞானத்தகப்பன் எல்லாம் ஒரே வரியில. ஞானத்தாய் பேரைப் பிடிச்சுக்கிட்டே போனா அம்மா வழிச் சொந்தம் மொத்தமும் வந்துடும். உங்களுக்கு அந்த வசதி இல்ல, வேற வழிதான்.

பத்திரக்காரர்

ஐயா, வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். உங்கள் சொம்பை வைத்துப் பார்க்கலாம்.

ஸ்ரீமுக வருஷம் 1933 ஏப்ரலில் தொடங்கியது. அறுபது வருஷச் சுற்று என்பதால் 1873, 1993-ம் வரும், இரண்டும் உங்களுக்குப் பொருந்தாது. ஆகவே 1933 ஆகஸ்ட், செப்டம்பர். ஆவணி முகூர்த்த மாதம். ஆயாவுக்கு அப்போது 19 வயது. முன்னெழுத்து 'கா' என்றால் அது பிறந்த வீட்டில் வெட்டிக் கொடுத்த சீர். புகுந்த வீட்டில் வெட்டியிருந்தால் கணவர் எழுத்து வந்திருக்கும்.

என்னை யோசிக்க வைப்பது அண்டாதான். முன்னெழுத்தே இல்லாமல் ஒரு பெண் பெயர். அப்பா வாங்கித் தரவில்லை, கணவர் உயிரோடு இல்லை. சொந்தக் காசில் வாங்கியிருக்கிறார். அந்தக் காலத்தில் அண்டா வாங்குவது சின்னச் செலவு இல்லை. 1951-ல் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

என் தொழிலில் கண்டது: பெண் பெயரை மனைவி, மகள் என்று எழுதிய தாளில் தேடினால் ஆண்களின் கதைதான் வரும். அவர்கள் கையால் பணம் கொடுத்த, வாங்கிய இடத்தில் தேடுங்கள். சீட்டு நோட்டு, மொய் நோட்டு, அடகு ரசீது, பால் கணக்கு. பணம் வாங்கினவன் பெயரைச் சரியாகத்தான் எழுதி வைப்பான்.

சந்தேகப் பிராணி

ஹிந்தி எதிர்ப்புல ஜெயிலுக்குப் போன பாட்டி இல்லாத வீடு வடசென்னைல இருக்கா என்ன? எங்க தெருவுல மட்டும் நாலு பேர் இருந்தாங்க 😄 கோவிச்சுக்காதீங்க தோழர், எதை வெச்சு நம்பறீங்க?

மூலக்கொத்தளம்

கிண்டலை விடுங்க, சரிபார்க்க வழி இருக்கு. 1938 நவம்பர் 13 ஒற்றைவாடை தியேட்டர்ல பெண்கள் மாநாடு, நீலாம்பிகை அம்மையார் தலைமை. ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார்ங்கற பட்டம் அங்கதான் குடுத்தாங்க. மறுநாளே தங்கசாலைத் தெரு இந்து தியாலஜிகல் பள்ளிக்கூடத்து முன்னாடி மறியல். டாக்டர் தருமாம்பாள், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீத்தம்மாள். முதல் பெண்கள் அணி இந்த அஞ்சு பேருதான். அதுக்கப்புறம் அணி அணியா போனாங்க. மொத்தம் 73 பெண்கள், அவங்களோட 32 குழந்தைங்க உள்ள போனதா நூல்கள்ல பதிவாகியிருக்கு.

எண்ணிக்கை சின்னது, அதனாலதான் சொல்றேன். விடுதலை, குடி அரசு ரெண்டுலயும் கைதானவங்க பேரு அப்பப்ப வந்தது. வேப்பேரி பெரியார் திடல் நூலகம், தரமணி ரோஜா முத்தையா நூலகம் ரெண்டுலயும் பழைய இதழ்களைப் பாக்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்துல அரசாங்கக் கோப்புங்க இருக்கு. ஒரு பேரைத் தேடறது பெரிய வேலை இல்ல.

அதே நேரம், ஜெயிலுக்குப் போகாம போராட்டத்துல நின்ன பொம்பளைங்க ஆயிரக்கணக்குல உண்டு. 1939 ஜனவரி 15 நடராசன் செத்தாரு, மார்ச் 12 தாளமுத்து. ரெண்டு பேரும் எங்க ஏரியா மூலக்கொத்தளம் சுடுகாட்டுலதான் இருக்காங்க. அந்த ஊர்வலத்துல வந்தவங்க பேரையெல்லாம் யார் எழுதி வெச்சா? உங்க ஆயா அதுல நடந்திருந்தாலும் வீட்ல அது ஜெயில் கதையா மாறியிருக்கலாம்.

சந்தேகப் பிராணி

32 குழந்தைங்கன்னீங்க பாருங்க, அதுல இருக்கு விஷயம். புளியந்தோப்பான், உங்க பெரியத்தை எப்ப பொறந்தாங்க? 1938-ல கைக்குழந்தையா இருந்தா ஆயாவோட அவங்களும் உள்ள இருந்திருக்கணும். அவங்களையே கேளுங்களேன்.

புளியந்தோப்பான்

தாது வருஷம்னு சொல்வாங்க.

பத்திரக்காரர்

1936. அப்போது இரண்டு வயதுக் குழந்தை.

ரங்கூன் பேத்தி

தம்பி, நான் வியாசர்பாடி. பெரியத்தை இருக்காங்கன்னா மத்ததை ஒத்திவெச்சிட்டு முதல்ல அவங்க கிட்ட போய் உட்காருங்க. தாளு எங்கயும் போகாது, அவங்களுக்கு இப்ப தொண்ணூறை நெருங்கியிருக்கும்.

எப்ப பொறந்தீங்க, எப்ப கல்யாணம்னு கேக்காதீங்க, "யாருக்குடா தெரியும்"னு சொல்லிடுவாங்க. இப்படிக் கேளுங்க: ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு பட்டணமே காலியாச்சே, அப்ப எந்த ஊருக்கு ஓடினீங்க? 1942 ஏப்ரல். ஹைகோர்ட்டையே கோயமுத்தூருக்குத் தூக்கிட்டாங்க. மூர் மார்க்கெட் பக்கத்து மிருகக்காட்சி சாலைல சிங்கம் புலியெல்லாம் வெளிய வந்துடும்னு சுட்டே போட்டாங்க. ஏழை பாழைங்க ஓட்டல்லயா போய்த் தங்குவாங்க? ஆயாவோட பொறந்த ஊருக்குத்தான் ஓடியிருப்பாங்க. அந்த ஊர்ப் பேரு கிடைச்சா 'கா'வும் கிடைப்பாரு. எங்க பாட்டியோட ஊரை இப்படித்தான் பிடிச்சோம்.

நாங்க பர்மாலேருந்து வந்தவங்க. தாத்தாவோட அப்பா மெட்ராஸ்லேருந்து கப்பலேறி ரங்கூன் அரிசி மில்லுக்குப் போனாரு. 1942-ல நிறைய பேர் நடந்தே வந்தாங்க, எங்க குடும்பம் அங்கயே தங்கிடுச்சு. 1964-ல நே வின் அரசாங்கம் கடை கண்ணியையெல்லாம் நாட்டுடைமை ஆக்குச்சு. மே மாசம் ஐம்பது, நூறு சாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. பாட்டி இடுப்புல முடிஞ்சு வெச்சிருந்த நோட்டுக் கட்டு அப்படியே காகிதமாச்சு. மெட்ராஸ் துறைமுகத்துல இறங்கினப்ப குடுத்த அட்டைல பாட்டி பேரு, வயசு, புள்ளைங்க பேரு எல்லாம் இருக்கு. எங்களுக்கு அதுதான் குடும்ப மரம். இன்னைக்கும் வியாசர்பாடில அத்தோவும் மொய்ங்காவும் சாப்பிட வர்ற பசங்களுக்கு இதெல்லாம் தெரியாது.

கடலோரக் காத்து

அக்கா, பர்மா அட்டை பத்தித் தனியா எழுதுங்களேன். எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, பாதி எழுத்து அழிஞ்சுடுச்சு.

நடத்துநர்

பர்மா பத்தின கேள்விகளைத் தனி இழையில வைங்க. இங்க ஆயாவைத் தொடருவோம்.

புளியந்தோப்பான்

பெரியத்தையைப் பாத்துட்டேன். உட்கார்ந்து படிங்க.

1942-ல ஓடினது பொன்னேரிக்கு அந்தாண்ட ஒரு கிராமம். பேரு கிடைச்சாச்சு. தாய்மாமன் வீட்ல தங்கினாங்களாம். 'கா' யாருன்னும் தெரிஞ்சாச்சு, அந்த ஊர்ல உப்பு அள்ளினவரு, அப்புறம் பட்டணத்துக்கு வந்து சால்ட் கோட்டர்ஸ்ல மூட்டை தூக்கினவரு. ரங்கூன் அக்கா, காலைத் தொட்டுக் கும்பிடறேன்.

ரேஷன் கார்டுல இருக்கற 'ல' பேரு புகுந்த வீட்ல வெச்சது. மாமியார் பேரும் ஆயா பேரும் ஒண்ணா இருந்ததால மாமியாரைக் கூப்பிடற மாதிரி ஆயிடும்னு வேற பேரு வெச்சாங்களாம். அரசாங்கத் தாளுல எல்லாம் அந்தப் பேருதான் போச்சு.

இப்ப ஜெயில். நான் நோட்டைத் திறந்து வெச்சுக்கினு, "அத்தை, ஹிந்தி போராட்டத்துல ஆயா வேலூருக்குப் போனாங்களே"ன்னு ஆரம்பிச்சேன். அத்தை வெத்தலையை வாய்ல போட்டுக்கினு ஒரு நிமிஷம் என்னையே பாத்தாங்க.

"எந்த ஹிந்திடா? அது சாராய கேசு."

வார்த்தைக்கு வார்த்தை அப்படியேதான். 1948-ல மதுவிலக்கு வந்துச்சு இல்ல, அதுக்கு அடுத்த வருஷமாம். தாத்தா போயி நாலு வருஷம். மில்லுலேருந்து வந்த காசு வைத்தியக் கடனுக்கே சரியாப் போச்சு. மூணு புள்ளைங்க, பெரியத்தைக்கு 13 வயசு. ஓட்டேரி நாலா கால்வாய்ப் பக்கம் யாரோ காய்ச்சுவாங்களாம், ஆயா வாங்கியாந்து குடிசைல வெச்சு வித்திருக்காங்க. ரெண்டு தடவை அபராதம் கட்டிட்டு வந்தாங்க. மூணாவது தடவை மூணு மாசம், வேலூர் பொம்பளைங்க ஜெயிலு. அத்தைதான் தம்பிங்களுக்குக் கஞ்சி காச்சி ஊத்தினாங்களாம். "உங்கொப்பன் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்பதான் அந்தக் கேசை ஹிந்தி ஆக்கினாங்கோ. பொண்ணு வூட்ல கேட்டா இன்னா சொல்றது?" அப்படின்னாங்க.

சந்தேகப் பிராணி

அப்ப அந்த அண்டா...

புளியந்தோப்பான்

தெரியும், நீங்கதான் முதல்ல கேப்பீங்கன்னு 😄

மூலக்கொத்தளம்

சிரிச்சுட்டேன். ஆனா அந்தக் கதை எப்படி இவ்ளோ சுலபமா ஒட்டிக்கிச்சுன்னு பாருங்க. ஹிந்தி எதிர்ப்புப் பெண்களையும் வேலூருக்குத்தான் அனுப்பினாங்க. ஊர் ஒண்ணு, ஜெயில் ஒண்ணு, வருஷத்தை மட்டும் பத்து பின்னாடி தள்ளினா போதும். யார் போய்க் கேக்கப் போறாங்க?

வீரமாமுனி தெரு

இதையெல்லாம் பொதுவெளில எழுதணுமா தோழர்? வடசென்னைன்னாலே சாராயம், ரவுடின்னு ஏற்கெனவே படமெடுத்து வெச்சிருக்காங்க. நீங்களும் எங்க ஆயா சாராயம் வித்தாங்கன்னு எழுதினா அவனுங்களுக்கு அவல் கிடைச்ச மாதிரி. பேரன் பேத்திங்களுக்குக் கல்யாணம் காட்சி இருக்கு. செத்தவங்க வந்து பதில் சொல்ல முடியாது.

கல்மண்டபம்

எழுதணும்கிறேன். புருஷன் செத்த பொம்பளை மூணு புள்ளைங்களைப் பட்டினி போடாம வளர்த்திருக்காங்க. வேலை குடுக்காத ஊரு, உதவித்தொகை இல்லாத காலம். முதியோர் உதவித்தொகையே நம்ம மாநிலத்துல 1962-லதான் வந்துச்சு, விதவைகளுக்கு 1975. 1949-ல அவங்க யார் கிட்ட போய் மனு குடுக்கறது? மில்லுல பொம்பளைங்களுக்கு வேலையே கொஞ்சம்.

வீரமாமுனி தெரு

காரணம் புரியுது. புரியறவங்க எத்தனை பேர் படிப்பாங்க? நான் தப்புன்னு சொல்லல. அத்தை கிட்ட கேட்டீங்களா, எழுதலாமான்னு? ஜெயில்ல இருந்தது ஆயா, ஆனா தெருவுல பேச்சு வாங்கினது 13 வயசுப் பொண்ணு.

ரங்கூன் பேத்தி

இது நியாயமான கேள்வி. அத்தை சம்மதிக்காம ஒரு வரி கூட வேணாம் தம்பி.

பத்திரக்காரர்

நீதிமன்றத்தில் தேடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இம்மாதிரிச் சிறு வழக்குக் கட்டுகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவது வழக்கம். 1949 கட்டு இருக்கும் என்று நம்பி அலைய வேண்டாம். அத்தை சொன்னதை அவர் குரலிலேயே ஒலிப்பதிவு செய்து தேதி போட்டு வையுங்கள், அதுதான் ஆவணம்.

நான் முதலில் கேட்டதைக் கேட்டீர்களா? அடகு ரசீது, சீட்டு நோட்டு?

புளியந்தோப்பான்

கேட்டேன் ஐயா. அத்தை பரண்லேருந்து ஒரு பிஸ்கட் டப்பா இறக்கினாங்க. உள்ள சேட்டு கடை ரசீதுங்க, ரப்பர் பேண்டு இத்துப்போய் தாளோட ஒட்டியிருக்கு. படம் எடுத்துப் போட்டிருக்கேன், பேரை மட்டும் மறைச்சிருக்கேன். எல்லாத்துலயும் 'மு' பேருதான், ஒண்ணுல கூட 'ல' இல்ல. பழைய ரசீதுல புருஷன் பேரைப் போட்டு "பெண்சாதி"ன்னு இருக்கு, கீழ கைநாட்டு, ஊதா மை. நடுவுல ஒண்ணுல தேதி கிழிஞ்சு போச்சு. கடைசி ரசீது 1963. அதுல புருஷன் பேரே இல்ல, "இட்லி கடை"ன்னு போட்டுத் தெருப் பேரு. கைநாட்டுக்குப் பதிலா கையெழுத்து! எழுத்து ஒண்ணொண்ணும் தனித்தனியா நிக்குது, 'ம்'முக்கு மேல புள்ளி தாளையே குத்தி ஓட்டை போட்டிருக்கு. ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்னே எங்களுக்குத் தெரியாது.

தங்கசாலை

எங்க தாத்தா சேட்டு கடைல கணக்கெழுதினவரு, அதனால சொல்றேன். 1943 அடகுக்கடைச் சட்டத்துக்கு அப்புறம் வெச்சவங்க பேரு, விலாசம், பொருள் எல்லாம் ரசீதுல எழுதியாகணும். கார்டுல என்ன பேருங்கறதைப் பத்திக் கடைக்காரருக்குக் கவலை இல்ல. தெருவுல போய்க் கேட்டா எந்தப் பேருக்கு ஆள் வெளிய வருமோ அதைத்தான் எழுதுவாரு. புகுந்த வீட்ல என்ன பேரு வெச்சாலும் தெருவுக்கு அவங்க 'மு'தான்.

தேதி கிழிஞ்ச ரசீதுல வட்டி எப்படிப் போட்டிருக்குன்னு பாருங்க. படத்துல அணா தெரியுது. நயா பைசா 1957 ஏப்ரல்ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி. எடையும் குன்றிமணில இருக்கு, கிராம் இல்ல. ஒத்துப் போகுது.

இன்னொண்ணு. சொல்லக் கஷ்டமா இருக்கு, ஆனா இது முக்கியம். நகையை மீட்டா ரசீதைக் கடைல திருப்பிக் குடுத்துடணும். டப்பால ரசீது இருக்குதுன்னா அந்த நகை திரும்பி வரல, மூழ்கிடுச்சு. வெச்சு மீட்டது எத்தனையோ, அதெல்லாம் உங்க டப்பால இருக்காது.

புளியந்தோப்பான்

அத்தைக்கு போன்லயே படிச்சுக் காட்டினேன். ஒவ்வொண்ணா சொன்னாங்க. கம்மல் ஜோடி நைனாவோட டைபாய்டு காய்ச்சலுக்கு. மூக்குத்தி சின்ன சித்தப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கறதுக்கு. அணா ரசீதுல இருக்கற வளையல் என்னன்னு அவங்களுக்கே ஞாபகம் இல்ல.

இட்லிக் கடை எப்ப ஆரம்பிச்சதுன்னு கேட்டேன். ஜெயில்லேருந்து வந்து ஒரு வருஷம் வீட்டு வேலை, அப்புறம் கடை. அண்டா அதுக்குத்தான் வாங்கினாங்களாம். சந்தேகப் பிராணி, நோட் பண்ணுங்க. காலைல மில்லு சங்கு ஊதறதுக்கு முன்னாடி முதல் ஈடு இறங்கிடுமாம். கணக்கு சொவத்துல கரிக்கோடு. கையெழுத்தைக் கத்துக் குடுத்தது சின்ன சித்தப்பா, அவரோட சிலேட்டுலயே.

சந்தேகப் பிராணி

அண்டா விஷயத்தை ஏத்துக்கறேன். அத்தை சாட்சி சொல்றப்ப நான் யாரு.

ஒண்ணு கேக்கணும், யாரும் கேக்கல. 1914-ல பொறந்து புளியந்தோப்புல வளர்ந்தவங்கன்னா 1921-ல ஏழு வயசு. மில் வேலைநிறுத்தம், குடிசை எரிப்பு, துப்பாக்கிச் சூடு எல்லாம் கண்ணு முன்னாடி நடந்திருக்கும். அதைப் பத்தி ஒண்ணும் சொன்னதில்லையா?

மூலக்கொத்தளம்

வேணும்னேதான் நானும் கேக்காம இருந்தேன். 1918-ல வாடியா, திரு.வி.க. எல்லாம் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சதை எல்லா மேடையிலயும் பேசுவோம். மூணே வருஷத்துல அதே தொழிலாளிங்க சாதியா பிரிஞ்சு அடிச்சுக்கிட்டதைப் பேச மாட்டோம். ஆதிதிராவிடத் தொழிலாளிங்க பெரும்பாலும் வேலைக்குத் திரும்பினாங்க, மத்தவங்க நின்னாங்க, புளியந்தோப்பு எரிஞ்சுது. போலீஸ் சுட்டு ஆளுங்க செத்தாங்க. எந்தக் குடிசை யாருதுங்கறதைப் பொறுத்து ஒவ்வொரு வீட்லயும் கதை வேற வேறயா இருக்கும்.

புளியந்தோப்பான்

அத்தை கிட்ட கேட்டேன். ஆயா ஒண்ணே ஒண்ணுதான் சொல்வாங்களாம். ராத்திரி எல்லாரும் ஓடறப்ப அவங்கம்மா அடுப்பு மேல இருந்த சோத்துப் பானையைத் துணியால பிடிச்சு அப்படியே தூக்கினு வந்தாங்களாம், கை வெந்து போச்சாம். யாரு எரிச்சா, எதுக்கு எரிச்சா, ஒரு வார்த்தை வராதாம். நாங்க எந்தப் பக்கம்னு இங்க எழுத மாட்டேன். அத்தையும் அதை மட்டும் எழுதாதன்னு சொல்லிட்டாங்க.

சாராயத்தை எழுதிக்கோன்னுட்டாங்க. "அவ திருடல, யாரையும் ஏமாத்தல. ஆனா என் பேர போடாத, எம் பேத்தி ஆபீஸ்ல படிப்பா."

வீரமாமுனி தெரு

அத்தை சொன்னப்புறம் எனக்கு ஆட்சேபம் இல்ல. எழுதறப்ப அந்தக் கல்யாணப் பொய்யையும் சேர்த்தே எழுதுங்க. வெறும் சாராயம்னா படிக்கறவன் அதோட போயிடுவான்.

பத்திரக்காரர்

1963 ரசீதுக்கு வருகிறேன். மற்றதெல்லாம் கம்மல், மூக்குத்தி. அதில் மட்டும் மூன்று சவரன் சங்கிலி. காய்ச்சலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ அவ்வளவு வைக்க மாட்டார்கள். அந்த ஆண்டு பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடந்ததா? நடக்கவில்லை என்றால் நான் இடம் வாங்கினார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வேன். விலாசத்தைப் பாருங்கள், பழைய ரசீதுகளில் புளியந்தோப்பு, இதில் பழைய வண்ணாரப்பேட்டை.

புளியந்தோப்பான்

அந்த வருஷம் கல்யாணம் இல்ல ஐயா. நைனாவுக்கு 1966. வண்ணாரப்பேட்டை வீடு வாடகை வீடுன்னுதான் நாங்க நெனச்சுக்கினு இருந்தோம். அத்தைக்குத் தெரியல, 1955-லயே கல்யாணமாகிப் போயிட்டாங்க. பின்னாடி அந்த வீட்டைக் காலி பண்ணது மட்டும் ஞாபகம் இருக்கு, அதைப் பத்திப் பேசினாலே சித்தப்பா எழுந்து போயிடுவாரு.

பத்திரக்காரர்

அப்படியானால் தேட வேண்டியதுதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்துப் பதிவுகள் 1-ம் புத்தகம். அதற்கு இரண்டு அட்டவணை, ஒன்று ஆள் பெயர்ப்படி, மற்றொன்று சொத்துப்படி. 1-ம் புத்தகத்தைத் தேடக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம். இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து இல்லை என்று விட்டுவிடாதீர்கள், இவ்வளவு பழசுக்குக் கையால்தான் தேட வேண்டும். 1962 முதல் 1964 வரை கேளுங்கள். 'மு' பெயரிலும் 'ல' பெயரிலும் தனித்தனியாகத் தேடச் சொல்லுங்கள். 'அம்மாள்' சேர்த்தும் சேர்க்காமலும் பாருங்கள். வீட்டு எண் பழசு, புதுசு இரண்டும் குறித்துக்கொண்டு போங்கள். விற்ற பத்திரம் இருந்தால் அதில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

தங்கசாலை

சித்தப்பா எழுந்து போறதுக்குப் பதில் அதுல இருக்கும் போலிருக்கே.

புளியந்தோப்பான்

அதான் பயமா இருக்கு. இருந்தாலும் திங்கக்கிழமை போறேன். கூட யாராவது வர்றீங்களா? எனக்கு அந்தப் பழைய பத்திர எழுத்தெல்லாம் படிக்க வராது.

கல்மண்டபம்

நான் வர்றேன். பத்து மணிக்கு முன்னாடியே வந்துடுங்க, ரசீது படத்தை பிரிண்ட் எடுத்துக்கோங்க, போன்ல காட்டினா பாக்க மாட்டாங்க. பத்திரக்காரர் ஐயா, நீங்களும் வந்தா நல்லா இருக்கும்.

பத்திரக்காரர்

முழங்கால் ஒத்துழைத்தால் வருகிறேன். மாடிப்படி ஏறச் சொல்லாதீர்கள்.